அம்பயருக்கு அப்பீல் கிடையாது

தலை அரித்தாலும் சொறியக்கூடாது என்பது இப்போது எங்கள் பேஸ்பால் ஆட்டத்தில் சட்டம். சிரிக்காதீர்கள். அடிக்காமல் விட்ட பந்து அடிக்கிறவனின் முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவே, தரையில் பதித்த பலகைக்கு மேலாக வந்தால் ஸ்ட்ரைக், விலகினால் பால் என்று நான் சொல்கிறேன். அது பிடிக்கவில்லை என்றால் அடிக்கிறவனோ, வீசுகிறவனோ, பந்தைப் பிடிக்கிற கேட்ச்சரோ அந்த நொடியே தன் தலையைத் தொட வேண்டும். தொட்டால் அப்பீல். உடனே பெரிய திரையில் பந்து போன வழி ஓடும். ஆறாயிரம் பேர் வேர்க்கடலை மென்றுகொண்டே, ஹுசெக்குக்குக் கண் தெரிகிறதா இல்லையா என்று சரிபார்ப்பார்கள். ஒரு அணிக்கு இரண்டு அப்பீல். கேட்டவன் பக்கம் சரியென்றால் அப்பீல் கையிலேயே இருக்கும், தப்பென்றால் ஒன்று போச்சு.

ஹுசெக் நான்தான். மெர்ல் ஹுசெக். பன்னிரண்டு வருடமாக, பெரிய லீகுக்கு ஒரு படி கீழே இருக்கிற இந்த லீகில் அம்பயர். மட்டமான விடுதி, ஆறிப்போன ஹாம்பர்கர், வாடகை வேனில் ஊர் ஊராக அலைச்சல். இந்த செப்டம்பரில் மேலே ஒரே ஓர் இடம் காலி. இந்த முறையும் கிடைக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போய்விடு என்று கடிதம் வரும். என்னோடு சேர்ந்தவர்களில் நான்கு பேருக்கு வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்னை எடைபோட மேலிடத்து மேற்பார்வையாளர் ஹேமில் வந்து, எனக்கு நேர் பின்னால் மூன்றாவது வரிசையில் மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார். முதுகில் ஈ ஊர்வது மாதிரியே இருந்தது எனக்கு.

உள்ளூர் அணி முதல் இன்னிங்ஸிலேயே ஒரு அப்பீல் கேட்டுத் தோற்றது. நான்காவது இன்னிங்ஸில் ராய்ஸ் டில்மன் அடிக்க வந்தான். முப்பத்து நான்கு வயது, முட்டியில் இரண்டு அறுவை சிகிச்சை, அவனும் மேலே போகாதவன். பந்து பலகையின் வெளிப்பக்க விளிம்பை உரசிக்கொண்டு வந்தது. ஸ்ட்ரைக் என்றேன். அவன் வழிகிற வியர்வையைத் துடைக்க ஹெல்மெட்டைக் கொஞ்சம் மேலே தள்ளினான்.

"அப்பீல்!" என்று கத்தினேன்.

டில்மன் திரும்பினான். "யோவ் ஹுசெக், கண்ணுல வேர்வை இறங்குதுய்யா. தொடச்சேன்!"

"கை தலையில பட்டுச்சா இல்லையா?"

"பட்டுச்சு, ஆனா..."

"அப்ப அப்பீல்தான்."

"அப்ப மூக்கச் சொறிஞ்சா என்னய்யா, மோதிரம் மாத்திக் கல்யாணம் பண்ணி வச்சிருவியா?"

பக்கத்தில் குந்தியிருந்த எதிரணி கேட்ச்சர் எஃப்ரைன் முகமூடிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். 'அப்பீலா, துடைச்சியா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேறு எந்த அம்பயரும் கேட்டிருப்பான். நான் ஏன் கேட்கவில்லை என்று மறைக்க மாட்டேன். அந்தப் பந்து ஸ்ட்ரைக் என்று எனக்கு நூறு சதவீதம் தெரியும். நான் சொன்னது சரி என்று அவ்வளவு பெரிய திரையில், ஹேமில் கண் முன்னால் ஓட வேண்டும். அந்த அற்ப ஆசைதான்.

ஓடியது. கட்டை விரல் அகலத்துக்கு ஸ்ட்ரைக். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், எவனோ என் அம்மாவைக்கூட இழுத்தான். எனக்கு அது காதில் தேனாக இருந்தது. உள்ளூர் அணியிடம் ஒரு அப்பீலும் மிச்சமில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸ். உள்ளூர் அணி ஒரே ஒரு ஓட்டம் பின்னால். இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆள். அடிக்க வந்தவன் அதே டில்மன். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னொரு பால் என்றால் அவன் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போவான், மூன்றாவது பேஸில் நிற்பவன் உள்ளே வருவான், ஆட்டம் சமம். ஸ்ட்ரைக் என்றால் அது மூன்றாவது, அவனும் அவுட், கதை முடிந்தது. ஆட்டம் மட்டுமில்லை, அந்த அணிக்கு இந்த வருடமே முடிந்தது.

பந்து மெதுவாக வளைந்து இறங்கியது. டில்மன் மட்டையை அசைக்கவில்லை. "ஸ்ட்ரைக்!" என்று கத்திக் கையை நீட்டினேன்.

கை முழுசாக நீளவில்லை, அதற்குள் தெரிந்துவிட்டது. கீழே. முட்டிக்குக் கீழே ஒரு அங்குலம். பந்து கையுறைக்குள் விழட்டும், ஒரு மூச்சு விடு, பிறகு வாயைத் திற என்று அம்பயர் பள்ளியில் முதல் நாளே சொல்லித் தந்ததுதான். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். இன்றைக்குப் பார்த்து, பின்னால் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று வாய் முந்திக்கொண்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

டில்மன் ஹெல்மெட்டை மடார் மடார் என்று அடித்துக்கொண்டான். "அப்பீல்! அப்பீல்யா!"

"உங்களுக்கு அப்பீல் முடிஞ்சுபோச்சு."

"தெரியும்," என்றான். "எதுல முடிஞ்சுதுன்னும் தெரியும்."

மைதானத்தில் மூன்று பேருக்கு அப்பீல் கேட்க உரிமை உண்டு. தப்புச் செய்தது நான் என்று உறுதியாகத் தெரிந்த எனக்கு இல்லை. சொன்ன தீர்ப்பை நானே மாற்றவும் முடியாது. என்ன சட்டம் இது, மண்ணாங்கட்டிச் சட்டம்! எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. எதிரணிக்கு இரண்டு அப்பீலும் அப்படியே இருந்தன. எழுந்து ஓடப்போன எஃப்ரைனின் தோளைப் பிடித்து அமுக்கினேன்.

"எஃப்ரைன், தலையத் தொடுடா."

"என்னது?"

"தொடுடா சீக்கிரம்! ஒரு அப்பீல் கேளு!"

"நாங்க ஜெயிச்சிட்டோம்யா. ஜெயிச்சு முடிச்ச பந்துக்கு நானே அப்பீல் கேக்கணுமா? வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?"

"அது கீழடா."

"கீழதான். பிடிச்சவனுக்குத் தெரியாதா?" என்று சொல்லி என் கையை உதறினான். முகமூடியைத் தாடைப்பக்கம் பிடித்துக் கழற்றினான். தலையில் ஒரு விரல்கூடப் படவில்லை, படுபாவி. ஓடிப்போய்ப் பந்து வீசியவனைக் கட்டிக்கொண்டான்.

எங்கள் அறைக்கு ஹேமில் வந்தபோது நான் ஒரு ஷூவைக் கழற்றிச் சுவரில் எறிந்திருந்தேன். அவர் டேப்லெட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மெர்ல், நூத்துக்கு நூறு. இந்த வருஷம் நான் பார்த்ததுலயே இதுதான் முதல்."

"கடைசிப் பந்து?"

"விளிம்புக்கு வெளிய ஒரு அங்குலம் வரைக்கும் உங்களுக்கு விட்டுக்கொடுப்போம். அத தப்புன்னு போட மாட்டோம்."

"சார், அது பால். நான் சொல்றேன்ல."

"யாராவது அப்பீல் கேட்டு மாத்துனாங்களா?"

"கேக்க முடியாமப் பண்ணுனவனே நான்தானே!"

"நாலாவது இன்னிங்ஸ சொல்றீங்களா? அங்க நீங்க சட்டப்படி கறாரா நின்னீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது." அவர் கை நீட்டினார். "செவ்வாய்க்கிழமை சிகாகோவுக்கு வந்துருங்க."

பன்னிரண்டு வருடம் காத்திருந்த வார்த்தை. குலுக்கிய கையை விடுவித்துக்கொண்டு அவர் போன பிறகு, இன்னொரு ஷூவையும் எறிந்தேன். மனைவிக்குப் போன் செய்தேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள். நான் எரிச்சலில் "சரி சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் இன்னும் நல்ல வெயில். டில்மன் தன் டிரக்கின் பின்கதவைத் திறந்துபோட்டு, முட்டியில் ஐஸ் பை கட்டி உட்கார்ந்திருந்தான். ஆட்டக்காரனோடு அம்பயர் நின்று பேசக்கூடாது. போனேன்.

"அது பால்தான்," என்றேன். "ஒரு அங்குலம் கீழ. நாலாவது இன்னிங்ஸ்லயும் நான் உன்னக் கேட்டிருக்கணும்."

அவன் ஐஸ் பையைத் திருப்பிக் கட்டினான். "மேல போறியாமே."

"யார் சொன்னா?"

"இந்த ஊர்ல எது ஒளியும்? நான் வீட்டுக்குப் போறேன். காலைல கூப்பிட்டுச் சொல்லிருவாங்க."

"திட்டணும்னா திட்டிடுய்யா. வாங்கிக்கிறேன்."

"திட்டி என்ன ஆகப்போவுது." இறங்கி, காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, பின்கதவைச் சாத்தினான். "ஸ்ட்ரைக்குக்குத்தான் கத்தணும், கைய நீட்டணும், எல்லாம் பண்ணணும். பாலுக்கு நீ ஒண்ணுமே பண்ண வேணாமே ஹுசெக். சும்மா நின்னிருந்தாலே போதுமே."