விட்டுப்போன பெயர்

ஞானதிரவியத்தின் அடக்கத்துக்கு மும்பைத் தாராவிச் சபையே திரண்டு வந்திருந்தது. ஐரோலியில் வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

அவர் மனைவி ஜெபக்கனி பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். ஒன்பது வயது மகள் தன்வியைக் கூட்டம் பின்னால் தள்ளிவிட்டிருந்தது.

ஆறு வயதில் ஒரு காப்பகத்திலிருந்து தத்தெடுத்த பிள்ளை அவள். அதற்கு முன் வேறொரு குடும்பம் அவளைக் கூட்டிப்போய், சில மாதங்களில் திருப்பி விட்டிருந்தது. வந்த புதிதில் செருப்பை வாசலில் விடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஞானதிரவியம் அவளை ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்ததும் தன் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். ஒருநாள் அவளே இரண்டு ஜோடியையும் கொண்டுபோய் வாசலில் வைத்தாள்.

சபையில் யாராவது “யாரு பெத்த பிள்ளையோ” என்று இழுத்தால், “நம்மளையும் ஆண்டவர் தத்துதான எடுத்திருக்காரு” என்பார்.

கல்லறையில் போதகர், ஞானதிரவியத்தின் அண்ணன் தனசிங் எழுதிக்கொடுத்த சீட்டை வாசித்தார். பிறந்த ஊர், மனைவி பெயர், உடன்பிறந்தார் பெயர்கள். “அன்னாருக்குப் பிள்ளைகள் இல்லை” என்று அது முடிந்தது.

ஜெபக்கனியின் அழுகை நின்றது.

“ஐயா, ஒரு பேரு விட்டுப்போச்சு. அவுகளுக்கு மக உண்டு. தன்வின்னு வாசிங்க.”

“இப்ப எதுக்கும்மா? எல்லாரும் பாக்காக” என்றார் தனசிங்.

“பாக்கட்டும் அத்தான்.”

போதகர் பெயரை வாசித்தார். தன்விக்கு வழி விட்டார்கள். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அவள் மட்டும் மண்ணை எடுத்த கையை மூடிக்கொண்டாள்.

“பப்பா மேல எதுக்கு மண்ணு போடணும்?”

ஜெபக்கனி அந்தச் சின்னக் கையைத் தன் கைக்குள் பிடித்து, இருவருமாகப் போட்டார்கள்.

மறுநாள் தனசிங் வீட்டுக்கு வந்தார். “ஒத்தப் பொம்பளையா எப்படி வளப்ப? ஹோம்ல பேசிப் பாப்போம். நம்ம ரத்தமா இருந்தா நான் சொல்லுவனா?”

“அவுகதான் போயிட்டாக. பிள்ளையையும் போன்னு சொல்லச் சொல்லுதீகளா அத்தான்?”

அவர் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

அடுத்த நாள் காலையில் ஜெபக்கனி எழுப்பப் போனபோது தன்வி ஏற்கெனவே எழுந்திருந்தாள். பாடப் புத்தகங்கள் கட்டிலில் கிடந்தன. பள்ளிக்கூடப் பைக்குள் துணிகள் அடுக்கியிருந்தன.

“ஹோமுக்கு எப்ப போணும்?”

“யாருட்டி உன்னைய அனுப்புதா?”

“பப்பாதான கூட்டிட்டு வந்தாரு. பப்பா இல்லைனா வாபஸ்தான? அந்த வீட்லயும் அங்கிள் வேண்டாம்னதும் ஆன்ட்டி கொண்டுபோய் விட்டுட்டாங்க.”

ஜெபக்கனி தரையில் உட்கார்ந்து பையிலிருந்த கவுன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். “நானுந்தான் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு பேரும் முழங்கால்ல நின்னு ஆண்டவர்ட்ட கேட்டு வாங்குன பிள்ளை நீ. உன்னைய எங்க திருப்பிக் கொடுக்க?”

தன்வி நம்பியதாகத் தெரியவில்லை. அழவுமில்லை.

சாயங்காலம் போதகர் வந்தார். ஜெபம் தொடங்கவில்லை. தன்விக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார்.

“உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் நான். உன்னைத் தெரிஞ்சும் அந்தச் சீட்டை அப்படியே வாசிச்சிட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சிரும்மா.”

அவள் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஜெபக்கனி செம்பூரில் ஒரு வேலையில் சேர்ந்தாள். அவள் திரும்பும்வரை சபைப் பெண்கள் ஆள் மாற்றி ஆள் வந்து தன்வியோடு இருந்தார்கள். அப்படியும் ஒவ்வொரு நாளும் “எப்ப வருவீங்க?” என்று கேட்காமல் பிள்ளை அவளை அனுப்புவதில்லை. தனசிங் பிறகு வரவில்லை.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வரும்போது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தன்வி நின்றுவிட்டாள்.

“பப்பா இருந்தா தூக்கிட்டுப் போவாரு” என்றாள். அடக்கத்தன்றும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாய்விட்டு அழுதாள்.

ஜெபக்கனி குடையை மடக்கிவிட்டு அவளைத் தூக்கினாள். பிள்ளை கனத்தது. நாலடி வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. அவளும் அழுதுகொண்டே, இறக்கிவிடாமல் தண்ணீரில் நடந்தாள்.