நுன்சியாவின் மேல் அடுப்படி

டொராண்டோவில் இத்தாலிக்காரன் வீடு கட்டினால் அடுப்படி இரண்டு வைப்பான். மேலே இருப்பது பார்க்க, கீழே நிலவறையில் இருப்பது சமைக்க. மேல் அடுப்பில் ஒரு முட்டைகூடப் பொரிந்திருக்காது. இதென்ன கூத்து என்று கேட்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது, எல்லார் வீட்டிலும் இதே கூத்துதான்.

ஓர்லாந்தோ மொசைக் தரை போடுகிறவர். கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து அந்த ஊர் வங்கிகளுக்கும் கடைகளுக்கும் முழங்கால் தேயத் தரை போட்டார். சொந்த வீட்டு மேல் அடுப்படியை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில், யார் அவசரப்படுத்தினாலும் காதில் வாங்காமல் போட்டார். சலவைக்கல் சில்லுகளைக் கையால் பொறுக்கி, வெள்ளை சிமென்டில் பதித்து, குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி இழைத்தார். நடுவில் ஓர் எலுமிச்சைக் கிளை. மனைவி நுன்சியா பிறந்த, இத்தாலியின் தெற்கு முனையிலுள்ள கலாபிரியாவில் அது வாசலுக்கு வாசல் காய்க்கும். தரை காய்ந்ததும் நுன்சியா கதவைச் சாத்தினாள். சமையலைக் கீழேயே வைத்துக்கொண்டாள்.

அந்தக் கோடையில் வெங்காயக் கூடையோடு நிலவறைப் படியில் இறங்கியவள் கால் இடறி விழுந்தாள். இடுப்பெலும்பில் கீறல். இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாள் கேட்கிற ஆளா? கொஞ்சம் தேறியதும் ஒரு கையில் கம்பு, மறு கையில் சுவர் என்று மறுபடி இறங்க ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு படியிலும் ஓர்லாந்தோ கையை விரித்தபடி அவள் பின்னாலேயே இறங்கினார்.

“மேலயே சமையேன்டி. அடுப்பு இருக்கு, தண்ணி வருது, ஜன்னலும் இருக்கு.”

“எண்ணெய் தெறிக்கும். போய்யா, களிதின்னி.”

ஓர்லாந்தோ இத்தாலியின் வடக்கே பிறந்தவர்; வடக்கத்திக்காரர்கள் சோளமாவைக் கிண்டித் தின்கிறவர்கள் என்பது அங்கே தெற்கத்தியாரின் கேலி. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். அவருக்கும் அது பிடித்துப் போயிற்று.

“தரையில பாய் விரிச்சுத் தர்றேன்.”

“பாயைப் பாக்கவா அதைப் போட்ட?”

நிலவறைக் கதவைப் பூட்டியும் பார்த்தார். அவள் சமைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வெறும் ரொட்டியைக் கடித்துக் கடித்து அலுத்துப்போய் அவரே திறந்துவிட்டார்.

இந்த நிலையில் தக்காளி காய்ச்சும் நாள் வந்தது. குளிர்காலம் முழுக்கத் தேவையான தக்காளிச் சாறை ஒரே நாளில் காய்ச்சிப் புட்டியில் அடைக்கிற நாள் அது. மகள் லூச்சானா விடிந்ததும் வந்து, கீழே முதல் அண்டாவை அடுப்பில் ஏற்றியிருந்தாள். அன்று முழுக்க ஏறி இறங்கத் தயாராகி, நுன்சியா கம்போடு படியருகே வந்து நின்றாள். ஓர்லாந்தோ குறுக்கே கையை நீட்டினார்.

“நகருய்யா.”

“மாட்டேன். ஊர்க்காரிங்க முன்னால பீத்திக்கணும்னு தரையப் பொத்தி வெச்சிருக்க. அதுக்கு இடுப்பை ஒடிச்சுக்குவியா?”

நுன்சியாவின் கண் நிறைந்துவிட்டது.

“ஊர்க்காரிங்களுக்கா? நீ போட்ட தரையெல்லாம் நான் போய்ப் பாத்திருக்கேன்யா. எவனெவனோ செருப்போட மிதிக்கிறான், சிகரெட்டை நசுக்குறான், யாரு போட்டதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. இது ஒண்ணாவது நீ போட்டபடியே இருக்கட்டும்னு நெனச்சேன்.”

ஓர்லாந்தோ நீட்டிய கையை இறக்கினார். இத்தனை வருஷமும் அதை அவளுடைய பவிசு என்றே நினைத்திருந்தார். பெண்டாட்டியின் மனசு தெரியாமல் இப்படியும் ஒரு மடையன் குடும்பம் நடத்துவானா என்று தன்மேலேயே கோபம் வந்தது. விறுவிறுவென்று கீழே இறங்கி, லூச்சானா கத்தக் கத்த, கொதித்து அடங்கிய சாறை ஒரு பானை மொண்டு மேலே கொண்டுவந்தார். தக்காளிப் புளிப்பு பட்டால் சலவைக்கல் வெந்து மங்கிவிடும், மறுபடி இழைத்தாலொழியப் பளபளப்பு திரும்பாது. அதெல்லாம் தெரிந்துதான், மேல் அடுப்புக்கு எதிரே தரையில் பானையை அப்படியே கவிழ்த்தார்.

“அட பாவி!” கம்பை ஊன்றிப் பின்னாலேயே வந்த நுன்சியா துணியை எடுக்கப் பாய்ந்தாள்.

“தொடாத. ஊறட்டும்.”

“பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு? உன் கையால போட்டதாச்சேய்யா!”

“என் கையாலதான் போட்டேன். நீ நின்னு சமைக்கப் போட்டேன்டி, பூட்டி வெச்சுப் பாக்கவா போட்டேன்? தரை போனா இன்னொண்ணு போட்டுக்குவேன். நீ போயிட்டா நான் எங்கடி போவேன்?”

நுன்சியா கம்பால் அவர் தோளில் ஒன்று வைத்தாள். அடுத்ததற்கு ஓங்கியவள், அடிக்காமல் அவர் தோளிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அடுப்பைப் பார்த்தாள்.

“எந்தத் திருகு எந்த அடுப்புக்குன்னே எனக்குத் தெரியாதேய்யா.”

அவருக்கும் தெரியாது. இரண்டு பேருமாகத் திருகித் திருகிக் கண்டுபிடித்தார்கள்.

குளிர்காலத்தில் லூச்சானா ஒருநாள், “அப்பா, மெஷினக் கொண்டாந்து இழைச்சா அந்தக் கறை போயிருமே?” என்று கேட்டாள்.

“கொண்டாரட்டும் பாக்கலாம், கையை ஒடிக்கிறேன்” என்றாள் நுன்சியா, வெங்காயம் வதக்கியபடியே.

இப்போது விருந்தாளிகள் வந்தால் எலுமிச்சைக் கிளையை அவர்களாகப் பார்த்துக்கொண்டால்தான் உண்டு. நுன்சியா அடுப்பு முன்னால் மங்கிக் கிடக்கிற இடத்தைக் கம்பால் தட்டிக் காட்டுவாள்.

“இது எங்க வீட்டுக்காரர் எனக்குன்னு போட்டது.”