கிளீனர் சீட்

ஹெல்மெட் வாரை மாட்டத் தெரியாமல் புகழேந்தி தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றான். மகள் செம்மொழிதான் எக்கி நின்று மாட்டிவிட்டாள். கோவையில் மாநாடு நடந்த வருடம் பிறந்தவள் என்பதால் கட்சிக்காரத் தாத்தா வைத்த பெயர். கபடியில் அவள் பள்ளிக்கூட அணி ஜெயித்தால் கோ-கார்ட் என்ற குட்டி ரேஸ் வண்டி ஓட்டக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவர்கள் குடும்பத்துக்கே உள்ள வியாதி. ஜெயிக்கமாட்டார்கள் என்று நம்பித்தான் சொன்னான். தஞ்சாவூர் புறவழிச் சாலையோரம், இரண்டு போகம் விளைந்த வயலை மண்ணடித்து மேடாக்கித் தார் போட்டு, வளைந்து வளைந்து பாதை அமைத்து, ஓரமெல்லாம் பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். அடுத்த வயலில் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த வைக்கோல் தூசியில் கழுத்தெல்லாம் அரித்தது.

புகழேந்திக்கு இடது கண் தெரியாது. அவனையும் திருச்சியில் ஒரு டாக்டரையும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலை அந்தக் கண்ணில் மூட்டம் போட்டது. தீபாவளிப் புகையாக இருக்கும் என்று கழுவிப் பார்த்தான். கார்த்திகை முடிவதற்குள் முழுவதும் போய்விட்டது. சர்க்கரை செய்த வேலை என்றார் டாக்டர். உள்ளூரில் காட்டினால் ஊர் பூராவும் பரவிவிடும் என்றுதான் திருச்சி வரை போயிருந்தான். வண்டி ஓட்டுவதை உடனே விட்டுவிடச் சொன்னார். சரிங்க டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வந்தவன், மறுநாள் காலை வழக்கம்போல நீடாமங்கலத்தில் பள்ளிக்கூட வேனை எடுத்தான். அவனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அந்த வேலையால்தான் மகளுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. கோடை விடுமுறையில் பள்ளி வண்டிகளையும் டிரைவர்களையும் சோதிப்பார்கள். அதற்குள் அவள் பத்தாவது முடித்துவிடுவாள், அப்புறம் நடப்பது நடக்கட்டும் என்று மனசைத் தேற்றி வைத்திருந்தான். ஆனால் வேனின் கதவு இடது பக்கம் இருக்கிறது. பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கம். அதை நினைத்தால் சோறு இறங்காது.

அதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் கிளீனர் சீட். வேனில் வரும் ஆயாவுக்கு, பின்சீட்டுச் சின்னதுகளோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருக்கும். அதனால் முன்பக்கம் இடது ஓர சீட்டில் தினம் ஒரு பிள்ளையை உட்காரவைத்தான். ஏறுகிறவர்கள் ஏறி, வழியனுப்ப வந்தவர்கள் விலகி, பக்கத்தில் சைக்கிளோ ஆடோ இல்லை என்று பார்த்து, அந்தப் பிள்ளை “போலாம் ரைட்” என்று கத்தவேண்டும். கத்தினால்தான் வேன் நகரும். இடது பக்கம் திரும்பும் வளைவுகளிலும் அப்படியே. பிள்ளைகளுக்கு இது திருவிழாவாகிவிட்டது. சீட்டுக்கு அடிதடி நடந்தது. இரண்டாம் வகுப்பு இர்பான், தன் முறை வருகிற நாளில் காய்ச்சல் அடித்தாலும் லீவு போடமாட்டான் என்று அவன் அம்மா சொல்லிச் சிரித்தாள். தாளாளர் மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டு, பாதுகாப்பு என்றால் என்ன என்று புகழேந்தியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு பாராட்டு விழுந்தது.

போன வாரம்தான் ஒரு தப்பு நடந்தது. அறுப்புக் காலத்தில் அந்தப் பக்கத்து ரோடுகளில் பாதிக்கு நெல் காயும். கல்லை வரிசையாக வைத்து எல்லை காட்டியிருப்பார்கள், மீதிப் பாதியில் வண்டிகள் போய்க்கொள்ளவேண்டும். வைரக்கண்ணு காயப்போட்டிருந்த நெல்லின் மேல், கல்லையும் சேர்த்து, வேனின் இடது சக்கரம் ஏறிவிட்டது. நெல் போனால் போகிறது. அதைக் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவி ஒரு முழம் தள்ளித்தான் நின்றாள். வைரக்கண்ணு வேனைத் தட்டிச் சத்தம் போட, ஆடு குறுக்கே வந்துவிட்டது என்றான் புகழேந்தி. செம்மொழி பின்சீட்டிலிருந்து இறங்கி வந்து, கறுப்பு ஆடு, நானும் பார்த்தேன் என்று சாட்சி சொன்னாள். அவள் எந்த ஆட்டையும் பார்க்கவில்லை. அப்பாவை ஒருவர் கைநீட்டிப் பேசுவதை அவளால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கோ-கார்ட்டுக்கு ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் எதிரே வண்டி வராது, ஆள் நடக்கமாட்டார்கள், எல்லாம் ஒரே திசையில் ஓடும் என்று மகள் விளக்கியபோது அவனுக்கே ஆசை வந்துவிட்டது. யாரையும் கொன்றுவிடுவோமோ என்ற பயமில்லாமல் ஒரு தடவை வண்டி ஓட்டிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. சதீஷ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பையன் வந்து, வலது கால் வேகத்துக்கு, இடது கால் பிரேக்குக்கு, முந்துகிறவர்களுக்கு வழி விடவேண்டும் என்று ஒப்பித்தான்.

முதல் சுற்றில் புகழேந்தி உருட்டிக்கொண்டுதான் போனான். பின்பக்கம் தரையில் உரசுவது மாதிரி அவ்வளவு தாழ்வான வண்டி. செம்மொழி வலது பக்கமாக அவனை முந்தி, திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ விசிலடித்தார்கள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அழுத்தினான். இருபது வருடம் லாரியும் பஸ்ஸும் ஓட்டிய கை, வளைவுகளைத் தானாகவே வெட்டி எடுத்தது. அடுத்த சுற்றில் அவளை முந்திவிட்டான். ஹெல்மெட்டுக்குள் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஐப்பசிக்குப் பிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பாதை இடது பக்கம் முழுசாக மடிகிற இடம் வந்தது. அங்கே அவன் காலை எடுத்தான். எடுத்துவிட்டுக் காத்திருந்தான். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. இன்ஜின் சத்தத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இடது பக்கமிருந்து ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. என்ன சொன்னது என்று விளங்கவில்லை. இடது பக்கமிருந்து பிள்ளைக் குரல் வந்தால் வழி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மாதக்கணக்கில் பழகிய கை, ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்தது.

அந்தப் பக்கத்தில்தான் செம்மொழி வந்துகொண்டிருந்தாள். இடிபட்ட அவள் வண்டி டயர்ச் சுவரில் போய்ச் செருகி நின்றது. சதீஷ் கொடியை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். பெரிய அடி இல்லை. இடது மணிக்கட்டு மட்டும் வீங்கியிருந்தது. பக்கத்திலேயே வருகிறவர்களைப் பார்க்கமாட்டீர்களா சார் என்று சதீஷ் கேட்டதற்கு, ஹெல்மெட் மறைத்துவிட்டது என்றான் புகழேந்தி. செம்மொழி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதன் வாயை உற்றுப் பார்த்தாள். அது நன்றாக அகலமாகத்தான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், அவனுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தாள். பைக்கை அப்பா ஏன் பொங்கலுக்கு முன்பே சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார் என்று இப்போது யோசித்தாள். ஐஸ் சுற்றிய துண்டை மடியில் வைத்துவிட்டு, அடிபடாத கையைத் தூக்கி அவன் இடது கண்ணோரமாக ஒரு சாண் தூரத்தில் பிடித்தாள். அவன் முன்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களை விரித்தாள், மடக்கினாள். அவன் இமைகூட அசையவில்லை. கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

“எப்பலேருந்துப்பா?”

அவன் என்ன என்று கேட்கவில்லை. “ஐப்பசிலேருந்து” என்றான். அம்மாவுக்கும் தெரியாது என்றான். பரீட்சை வரைக்கும்தான், தானே பார்த்துக்கொள்வதாகவும், ஒரு கண் இல்லாமல் லாரி ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டே போனான். பின்சீட்டுக்காரர் எட்டிப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். அம்மாப்பேட்டை தாண்டியதும் சொன்னாள்.

“நான் லெப்ட்டு லெப்ட்டுன்னு கத்துனேன். கத்துனதும்தான் திருப்புனீங்க.”

“தெரியும்மா.”

“இர்பானுக்கு ஏழு வயசுப்பா. அவன் கவனம் எங்கயாவது போச்சுன்னா?”

நாளைக்கு வண்டியை எடுக்காதீங்க என்றாள். எடுக்காவிட்டால் நாளன்றைக்கு என்ன சாப்பிடுவோம் என்று கேட்க நினைத்தவன், வீங்கிய மணிக்கட்டைப் பார்த்துவிட்டு அதைக் கேட்காமல் விட்டான். வீட்டில், வழுக்கி விழுந்துவிட்டதாகச் செம்மொழி அம்மாவிடம் சொன்னாள். கறுப்பு ஆட்டுக்கு அடுத்த பொய்.

திங்கட்கிழமை காலை அவன் வேனை எடுத்தான். அவள் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு, பின்னால் போகாமல் கிளீனர் சீட்டில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நன்றாக எட்டிப் பார்த்து, ஒப்புக்குச் சொல்வதுபோல “போலாம் ரைட்” என்றாள். இப்படியே மே மாதம் வரை ஓட்டிவிடலாம், பெற்ற பெண்ணைவிட நல்ல கண் யாருக்கு வாய்க்கும் என்று புகழேந்திக்கு மனசு கொஞ்சம் லேசானது. அப்படி லேசானதற்காக வெட்கமும் வந்தது.

கோரையாற்றுப் பாலத்துக்கு முந்தைய நிறுத்தம் இர்பானுடையது. அன்றைக்கு அவன் முறை. சீட்டில் செம்மொழியைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது. அவள் அவன் தலையைத் தடவி, பின்னால் போய் உட்காரச் சொன்னாள். அழுதுகொண்டே போனான். அவன் அம்மா படியோரம் நின்று, நாளைக்கு உட்காரலாம்டா, டிரைவர் மாமா எங்க போயிடப்போறாரு என்று சமாதானம் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினாள்.

புகழேந்தி கியரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். இடது பக்கமிருந்து செம்மொழியின் “ரைட்” வரவில்லை. இர்பானின் அம்மா விலகிவிட்டாளா, இல்லை ஜன்னல் வழியாக இன்னும் பிள்ளைக்குக் கையாட்டிக்கொண்டு நிற்கிறாளா, தெரியவில்லை. செம்மொழியின் முகமும் அந்தப் பக்கம்தான் இருந்தது. அதைப் பார்க்கவேண்டுமென்றால் கழுத்தை முழுசாகத் திருப்பவேண்டும். அவன் திருப்பவில்லை.

பின்னால் வந்து நின்ற லாரி ஹாரன் அடித்தது. பிள்ளைகளுக்குக் குஷி தாங்கவில்லை. இர்பான் அழுகையை மறந்து ஆரம்பித்துவைக்க, வேன் முழுக்கச் சேர்ந்துகொண்டு “போலாம் ரைட், போலாம் ரைட்” என்று கத்தியது. அதெல்லாம் பின்னாலிருந்து வந்த குரல்கள். புகழேந்தி பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.