சம்பந்தியை வரவேற்ற கோட்டு

நீராவியின் கோட்டு தன்னந்தனியாக நின்று, வீட்டுக்கு வந்த சம்பந்தியை வரவேற்றது. உள்ளே ஆள் இல்லை, கம்பு இல்லை, மேலேயிருந்து கட்டித் தொங்கவிட்ட கயிறும் இல்லை. வெறும் கோட்டு. சம்பந்தி அதன் தோளைத் தட்டி நலம் விசாரித்தார். கோட்டும் பெரிய மனிதத் தோரணையில் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டது.

இதை நீராவி சொல்ல ஆரம்பித்ததும், கேட்பவர்கள் நைசாக எழுந்து செருப்பைத் தேடுவார்கள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் கொதிகலனோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவர் நீராவி. பேரும் அங்கே கிடைத்ததுதான். அவர் வெளுத்த படுக்கை விரிப்பின் வெண்மையில் கண்கூசி, நோயாளிகள் குணமாகாமலேயே வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். அவர் கஞ்சி போட்ட டாக்டர் கோட்டின் மடிப்பில் ஆப்பிள் நறுக்கலாம். இதெல்லாம் அவர் சொன்னதுதான்.

பொறுமையாக உட்கார்ந்து முழுக்கக் கேட்டவன் அவருடைய மச்சான் ஒருவன்தான். மனைவியின் தம்பி. கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற ஆய்வாளன். தன் நிழலைக்கூட நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கூட்டிப்போவான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னது ஒன்றுதான்.

"அத்தான், கம்பளித் துணி தொங்கும். நிக்காது."

அதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் இருந்தது. ஊர் வாயை ஒற்றை ஆளாக அடைக்கக்கூடிய நீராவியின் தொண்டையில், அந்த ஒரு வாக்கியம் மட்டும் மீன்முள் மாதிரி குறுக்கே நின்றது.

துணி சம்பந்தி கொடுத்தது. மகளின் மாமனார். குளிர்பதனக் கிடங்கில் காலமெல்லாம் வேலை பார்த்த மனிதர். பேச்சும் அங்கேயே உறைந்துவிட்டதோ என்னவோ, வாயைத் திறப்பதே அபூர்வம். "எங்க சம்பந்தி சிரிச்சாக்கூட எத்தனை பல்லைக் காட்டலாம்னு யோசிச்சுத்தான் காட்டுவார்," என்று நீராவி அவரைப் பற்றி நாலு இடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்படிப்பட்டவர் குளிர்காலம் தொடங்கின ஒரு நாள் வந்து, ஒரு பொட்டலத்தை நீராவியின் மடியில் வைத்துவிட்டு, "வெச்சுக்கோங்க சம்பந்தி. எனக்கு இதை என்ன பண்றதுன்னு தெரியல," என்று சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பிரித்தால், சாம்பல் நிறத்தில் ஐந்து மீட்டர் கம்பளித் துணி. கையை வைத்தால் பூனை முதுகு. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு நீலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. தான் அடித்த பல் ஜோக்கை நினைத்து நீராவிக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் கூசியது.

அதை என்ன செய்வது என்று வீடே மாநாடு போட்டது.

"ஆளுக்கொரு போர்வையா வெட்டிடலாம்," என்றாள் மனைவி.

"வித்துடுங்க. நல்ல எடை இருக்கு," என்றான் மச்சான்.

நீராவி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். கண்ணாடிக்குள் இருந்தவர் இவருக்கு எழுந்து வணக்கம் வைத்தார்.

"கோட்டு," என்றார் நீராவி. "இது கோட்டாகணும்னே பிறந்த துணி. தைச்சுப் போட்டுக்கிட்டுப் போய் சம்பந்தி முன்னாடி நிக்கணும். அதான் மரியாதை."

தெருமுனைத் தையல்காரி அளவெடுத்துவிட்டு, "துணியை அப்படியே வெச்சுட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்," என்றாள்.

"தண்ணி காட்டாத துணியில கத்திரி வைக்கறதா? அப்புறம் சுருங்கினா யார் பொறுப்பு?"

"ஐயா, இது கம்பளி..."

"ஏம்மா, துணியைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?"

பழைய சலவைக்கூடத்துக்கே போனார். பழைய சகாக்கள் சுற்றி நிற்க, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, விரிப்புகளுக்கு வைக்கிற அதே கொதி, அதே சோடா, அதே சுழற்சி. அத்தனை வருடத்தில் அவர் கையில் வந்ததெல்லாம் பருத்தி. கம்பளிப் போர்வைகள் பக்கத்துக் கொட்டகைக்குத்தான் போகும். அங்கே அவற்றை என்ன செய்தார்கள் என்று அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே வேலை பார்த்தவர்களை அவர் சலவைக்காரர்களாகவே மதித்ததில்லை.

மூடியைத் திறந்தார். உள்ளே போனது துணி. வெளியே வந்தது கதவு.

அப்படித்தான் இருந்தது. நீளம் போயிருந்தது, அகலம் போயிருந்தது, போனதெல்லாம் தடிமனில் போய் ஏறிக்கொண்டிருந்தது. விரலால் தட்டினால் டொக்கென்று, உள்ளேயிருந்து யாரோ 'யாரது?' என்று கேட்பார்கள் போலச் சத்தம் வந்தது. சகாக்களில் ஒருவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவனுடைய தோள் குலுங்கிற்று. அந்தக் குலுங்கலைப் பார்த்த கணத்தில் நீராவியின் காது மடல் வரை சூடேறியது. கொதிகலனே தோற்றிருக்கும்.

மடிக்க வராததால் தலைமேல் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் அடைமழை, அவர்மேல் ஒரு சொட்டு விழவில்லை. நனைந்திருந்தாலாவது தேவலை என்றிருந்தது.

கட்டில் மெத்தைக்கு அடியில் ஒளித்தார். படுத்ததும் மனைவிக்கு முதுகில் தெரிந்துவிட்டது.

"என்னங்க, கட்டில் உசந்துடுச்சா? பலகையில படுத்த மாதிரி இருக்கே."

மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மெத்தையைத் திரும்பப் போட்டுப் படுத்துக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

மறுநாள் மகள் போன் பண்ணினாள்.

"அப்பா, கோட்டு ரெடியா? மாமா ஞாயித்துக்கிழமை அங்க வர்றாராம். நீங்க போட்டிருக்கறதைப் பார்க்கணுமாம்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது அத்தை வாங்கி வெச்ச துணிப்பா. மாமாவுக்குக் கோட்டு தைக்கணும்னு ஆசையா வாங்கினாங்களாம். அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்க. தைக்கவும் மனசு வரல, பீரோவுல பார்க்கவும் முடியலன்னு இத்தனை நாள் வெச்சிருந்தார். உங்களுக்குக் குடுக்கலாமான்னு எங்கிட்ட எத்தனை தடவை கேட்டார் தெரியுமா?"

போனை வைத்த நீராவி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பற்களைப் பற்றிச் சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அதற்கு யார் யார் சிரித்தார்கள் என்பதும்.

"உள்ளதைச் சொல்லிடுங்க. அவர் ஒண்ணும் உங்களைக் கடிச்சுத் தின்ன மாட்டார்," என்றாள் மனைவி.

"வாழ்நாள் பூரா சலவை சலவைன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு, அவர் பொண்டாட்டி துணியை வேகவெச்சுட்டேன்னு எந்த வாயால சொல்றது?"

"எல்லாத்துக்கும் பேசற அதே வாயாலதான்."

மிச்சமிருந்ததில் எப்படியாவது ஒரு கோட்டைப் பிழிந்தெடுக்கச் சொல்லித் தையல்காரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவளிடமிருந்த ஊசியெல்லாம் உடைந்து, பக்கத்துத் தெருவில் கடன் வாங்கிய ஊசியும் உடைந்தது. கடைசியில் அவள் வெட்டிக் கொடுக்க, எதிர்க்கடையில் செருப்புத் தைப்பவர் கோணூசியாலும் மெழுகு நூலாலும் தைத்து முடித்தார். "அடியில சோல் வெக்கட்டுமா?" என்று அவர் கேட்டதற்கு நீராவி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கோட்டு முழங்கால் வரைதான் வந்தது. பொத்தான் போட்டதும் இரண்டு கையும் பொம்மைக் கை போல விலகி நின்றன. உட்கார முடியவில்லை, தலை சொறிய முடியவில்லை. அந்தக் கோலத்தில் அவர் கூடத்தின் நடுவில் நின்றபோது மணி அடித்தது.

பொத்தானைக் கழற்ற விரல் எட்டவில்லை. கையை உள்ளே இழுத்து, குனிந்து, ஆமை ஓட்டை விடுவது போலக் கோட்டின் அடிவழியாகத் தவழ்ந்து வெளியேறி, பனியனோடு சமையலறைக் கதவுக்குப் பின்னால் பாய்ந்தார். கோட்டு பாயவில்லை. விட்ட இடத்தில், தரையில், பொத்தான் போட்டபடி, கையை விரித்துக்கொண்டு நின்றது.

மனைவி கதவைத் திறந்தாள். வெளிக் குளிரிலிருந்து உள்ளே வந்த சம்பந்தியின் மூக்குக்கண்ணாடி அப்படியே பனி பூத்துவிட்டது. சாம்பல் நிறத்தில், இடுப்புயரத்தில், தனக்கு எதிரே ஓர் உருவம் மங்கலாகத் தெரிந்ததும் அவர் பதறிப்போனார்.

"ஐயையோ சம்பந்தி! என்ன இது, மண்டி போட்டுக்கிட்டு? எந்திரிங்க, எந்திரிங்க! நான் என்ன அவ்வளவு பெரிய மனுஷனா?"

கோட்டு எழுந்திருக்கவில்லை. அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் சம்பந்தியும் எதிரே மண்டியிட்டார். அதன் தோளில் கை வைத்தார்.

"நல்லா இருக்கீங்களா? ஒரு துணியைக் குடுத்ததுக்கா இவ்வளவும்? உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்கு சம்பந்தி. அவ இருந்திருந்தா, பார்த்தீங்களா என் செலக்‌ஷன்னு கேட்டிருப்பா." மூக்கை உறிஞ்சினார். "நீங்க தமாஷா பேசறவர். எனக்குப் பேச வராது. உங்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோன்னு பயந்துக்கிட்டேதான் குடுத்தேன்."

கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்த நீராவிக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. வேறு எவன் முன்னாலும் பனியனோடு போய் நின்றிருப்பார்; அன்றைக்கு உடம்பில் தோலே இல்லாத மாதிரி இருந்தது. வந்து பக்கத்தில் தானும் மண்டியிட்டார்.

"சம்பந்தி, அது நான் இல்ல. நான் இங்க இருக்கேன்."

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோட்டைப் பார்த்தார். கழுத்துக்கு மேலே யாருமில்லை. விரலால் தட்டினார். டொக்.

"வேகவெச்சுட்டேன் சம்பந்தி," என்றார் நீராவி. "விரிப்பை வெளுக்கற மாதிரி நெனச்சு வேகவெச்சுட்டேன். உங்க வீட்டம்மா துணியை."

கழுத்து வழியாகக் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சம்பந்தி கேட்டார். "இதுக்குள்ள குளிர் வருமா?"

"குண்டே வராது சம்பந்தி."

"போட்டுப் பார்க்கட்டுமா?"

ஒல்லியான மனிதர், அடிவழியாகவே நுழைந்து எழுந்தார். அளவெடுத்த மாதிரி இருந்தது. உட்கார முடியாததால் நின்றுகொண்டே சாப்பிட்டார். கிளம்பும்போதும் கழற்றவில்லை. வாசல்வரை வந்த நீராவி, "நான் வேகவெச்சது மட்டும் நமக்குள்ள இருக்கட்டும்," என்று முணுமுணுத்தார். சம்பந்தி தலையாட்டினார்.

அதற்கப்புறம்தான் கோட்டு வரவேற்ற கதை ஊரெல்லாம் கிளம்பியது, வெந்த பகுதி மட்டும் இல்லாமல்.

குளிர் முடிவதற்குள் மகள் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். நீராவி வழக்கம்போல ஆரம்பித்தார். மச்சான் வழக்கம்போல முடித்தான்.

"கம்பளி தொங்கும். நிக்காது."

"நின்னுது. நான் பார்த்தேன்," என்றார் சம்பந்தி, மெதுவாக.

"நீங்க பார்த்தது கோட் ஸ்டாண்டு மாமா. கண்ணாடியில பனி, வயசும் ஆச்சு. கோட் ஸ்டாண்டுகிட்ட மண்டி போட்டு நலம் விசாரிச்சிருக்கீங்க!"

வீடே கொல்லென்று சிரித்தது. சம்பந்தி நீராவியின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பார்வையைத் தட்டில் இறக்கிக்கொண்டார். ஒரு வார்த்தை சொன்னால் சிரிப்பு திசை மாறியிருக்கும். சொல்லவில்லை. அந்தக் குளிர்பதனக் கிடங்கில் எதையும் கெடவிடாமல் வைத்திருந்தவர், கொடுத்த வாக்கையும் கெடாமல் வைத்திருந்தார்.

நீராவியின் காது மடல் மறுபடியும் சுட்டது.

"அது தொங்காது மச்சான்," என்றார். "தொங்காது. நான் அதை ஆஸ்பத்திரிக் கொதிகலன்ல போட்டு வேகவெச்சேன். விரிப்பைத் தவிர ஒரு மண்ணும் தெரியாத சலவைக்காரன் நான். அவர் சும்மா இருக்கறது நான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டதால. சிரிக்கறதா இருந்தா என்னைப் பார்த்துச் சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. மனைவி மட்டும், "அப்பாடா," என்றாள்.

சம்பந்தி தட்டை வைத்துவிட்டு மூலைக்குப் போனார். அங்கே கழற்றிச் சாத்தி வைத்திருந்த கோட்டை எடுத்து, பொத்தானெல்லாம் போட்டு, கூடத்தின் நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

மச்சான் எழுந்து வந்தான். சுற்றி வந்தான். குனிந்து உள்ளே கை விட்டுக் கம்பைத் தேடினான். கழுத்து வழியாக எட்டிப் பார்த்தான். பிறகு தராசுத் தட்டைத் தொடுகிற பக்குவத்தில், ஒற்றை விரலால் தோளை லேசாகத் தள்ளினான். கோட்டு ஆடியது, யோசித்தது, நிமிர்ந்தது.

கையைத் துடைத்துக்கொண்டான்.

"நிக்குது அத்தான்," என்றான். பிறகு சம்பந்தியைப் பார்த்து, "அன்னைக்கும் நின்னிருக்கும் மாமா. ஒத்துக்கறேன்."