பேனல் கழுவும் பெண்கள்

கிழக்கு வெளுப்பதற்குள் பாஞ்சாலையின் முதுகு நனைந்துவிட்டது. நீளக் குச்சியின் நுனியில் ஈரத் துடைப்பம். எக்கித் தேய்த்து, அழுக்குத் தண்ணீரைக் கீழே வழித்துவிட வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது.

செங்கம் சாலையை விட்டு உள்ளே போனால், இருநூறு ஏக்கருக்கு வானத்தை அண்ணாந்து பார்த்தபடி சூரியப் பலகைகள். முன்பு இங்கே கடலை விளைந்தது. அப்போதும் பாஞ்சாலை இந்த நிலத்தில் கூலிதான். நிலத்தை விற்றவர்கள் டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். விற்க ஒன்றுமில்லாதவர்கள் துடைப்பத்தோடு கம்பி வேலிக்குள் வந்தார்கள்.

வெயில் ஏற ஏறப் பலகையில் மின்சாரமும் ஏறும். அதனால் எட்டு மணிக்கு வேலையை நிறுத்திவிடுவது முறை. அன்று மேலாளர் பரசுராமன் நிறுத்தவிடவில்லை. டெல்லியிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்களாம்.

"பத்து மணி வரைக்கும் தேய்ங்க. ஒரு தூசி இருக்கக் கூடாது."

"சார், க்ளவுஸ் கிழிஞ்சு பத்து நாளாவுது" என்றாள் பக்கத்து வரிசைச் சந்திரம்மாள்.

"ஆர்டர் போட்டிருக்கும்மா. வரும்."

ஒன்பதரை மணிக்கு, விரிசல் விட்டிருந்த ஒரு பலகையின் சட்டத்தைச் சந்திரம்மாள் ஈரக்கையால் பிடித்தாள். குரல்கூட எழவில்லை. சேற்றில் அவள் விழுந்த சத்தம்தான் கேட்டது. வலது உள்ளங்கை கருகி லேசாகப் புகைந்தது. தண்ணீர் டேங்கர் ஓட்டும் மொஹ்சின் அவளைத் தூக்கித் தன் வண்டியிலேயே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். கூடவே, அவர்களோடு பலகை கழுவும் முன்னி பேகம் போனாள்.

சற்று நேரத்தில் முன்னியிடமிருந்து பாஞ்சாலைக்குப் போன் வந்தது. "உசுரு இருக்குது பாஞ்சாலை. கையக் காப்பாத்த முடியுமானு தெரியல. எந்தக் கம்பெனினு கேக்கறாங்க. ஆபீசுக்குப் போன் பண்ணா, இப்படி ஒரு ஆளே இல்லனு சொல்றாங்க."

அதற்குள் பரசுராமன் ஒரு காகிதத்தோடு வந்து நின்றான்.

"வேலிக்கு வெளிய வழுக்கி விழுந்தாங்கனு எழுதியிருக்கு. பக்கத்துல இருந்தது நீதான். கையெழுத்துப் போடு. நாளையிலேர்ந்து நீதான் சூப்பர்வைசர்."

சூப்பர்வைசர் என்றால் நிழலில் நிற்கலாம். அந்த நினைப்பு ஒரு நொடி வந்துபோனது. வந்ததற்காகவே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது.

"அவ கம்பெனி ஆளு இல்லியா சார்?"

"கான்ட்ராக்டர் ஆளு."

"கான்ட்ராக்டர் எங்க?"

"சென்னையில. தோ பாரும்மா, நாட்டுக்கே கரண்ட் குடுக்கற இடம் இது. எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் வெளிநாட்டுக்காரன்கிட்ட கை நீட்டக் கூடாதுனு சர்க்காரே பாடுபடுது. புகையே இல்லாத கரண்ட். அதுக்குப் போய் கெட்ட பேரு வாங்கிக் குடுக்காதீங்க."

"புகை வந்துச்சு சார். சந்திரம்மா கையிலேர்ந்து வந்துச்சு. நான் பாத்தேன்."

அவள் காகிதத்தைத் தொடவில்லை. நேரே வாசலுக்குப் போய்த் துடைப்பத்தைக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள். ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் பதினாறு பேர் வந்து தங்கள் துடைப்பங்களைப் போட்டார்கள்.

பரசுராமன் மாற்றாட்களைக் கேட்டுப் போனில் கத்தினான். அரைமணி நேரத்தில் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு டெம்போ வந்தது. அதில் பத்துப் பெண்கள். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்கள், மற்ற நாளில் கூப்பிட்ட வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் நந்தினி என்பவள் முதலில் குதித்து இறங்கினாள்.

"இன்னாக்கா, ஏன் இப்படி ஒக்காந்துருக்கீங்க?"

பாஞ்சாலை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நந்தினி மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"எங்களுக்காவது க்ளவுஸ் இருக்குதா சார்?"

"மொதல்ல உள்ள போங்க, பேசிக்கலாம்."

நந்தினி டெம்போவைப் பார்த்துக் கைகாட்டினாள். "எறங்குங்கடி. வேலைக்கு இல்ல. இங்க வந்து ஒக்காருங்க." பிறகு பாஞ்சாலையின் தோளைத் தொட்டாள். "கொஞ்சம் தள்ளிக்கோக்கா."

பாஞ்சாலை நகர்ந்து இடம்விட்டாள். செங்கம் சாலைப் பக்கம் கார்கள் கிளப்பிய புழுதி தெரிந்தது.

"வர்றவங்க கேட்டா இன்னாக்கா சொல்றது?"

"மொதல்ல சந்திரம்மா பேரு. அப்புறம் நம்ம பேரு, ஒவ்வொருத்தியா. ஆளே இல்லனு எவனும் சொல்லக் கூடாது."

புழுதி நெருங்கியது. பரசுராமன் எழுந்திருக்கச் சொல்லிக் கும்பிடவும் செய்தான், மிரட்டவும் செய்தான். ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை.