செங்கோட்டை வழி

மாலைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று பெங்களூரிலிருந்து மகள் தமிழ்வாணி போனில் கெடு வைத்துவிட்டாள். பெற்றவர்களின் கல்யாண நாளுக்காகக் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலில் இடம் பிடித்திருந்தாள். அதற்கு முன்னால் மூன்று நாள் கையில் இருந்தது. காரில் ஒரு நாள் கொடைக்கானல், ஒரு நாள் மேகமலை என்று போய்த் திரும்பி, மூன்றாம் நாள் கம்பம் வழியாகக் கொச்சிக்கு இறங்கலாம். இல்லையென்றால் மதுரையில் குருவாயூர் ரயிலைப் பிடித்து, செங்கோட்டை தாண்டி மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

"கார்தான்" என்றார் முத்திருளன். மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். "நின்னு நிதானமாப் பாக்கலாம். ரயில்ல என்னத்தப் பாக்க?"

பாண்டிச்செல்வி கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "ரயில்ல போவோம்."

மதுரை ஆனையூரில் அந்த வீட்டுக்குள் செங்கோட்டை என்ற பேச்சே எழுவதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், பரீட்சையில் இரண்டாம் முறையும் தோற்று வந்த மகன் அழகுபாண்டியிடம், "என் மூஞ்சியில முழிக்காத" என்று சொல்லிவிட்டார் முத்திருளன். மறுநாள் பையன் அம்மாவுக்குப் போன் செய்தான். "செங்கோட்டைல கொல்லம் ரயில் ஏறிட்டேம்மா. ரெண்டு நாள்ல வந்துருவேன். அப்பாட்ட சொல்லிறாத." அவ்வளவுதான். அவன் கொல்லத்தில் இறங்கியதைப் பார்த்தவர் இல்லை; நடுவழியில் இறங்கியதைப் பார்த்தவரும் இல்லை. உடல் கிடைக்காததால் காரியமும் செய்யவில்லை. சில மத்தியானங்களில் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்கும். இரண்டு பேருக்கும் கேட்கும். இரண்டு பேருமே எழுந்துபோய்ப் பார்க்கமாட்டார்கள். இந்த ஆறு வருஷத்தில் முத்திருளன் மகனின் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மனுஷன்தானா இவர் என்று பாண்டிச்செல்வி மனதுக்குள் கேட்டுக்கேட்டு, கேட்பதையும் விட்டிருந்தாள்.

அவர் எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தாள். "சரி, உன் இஷ்டம்" என்று எழுந்துபோனார்.

ராஜபாளையம் தாண்டியதும் மேற்கே மலை கூடவே வந்தது. அவர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. செங்கோட்டையில் வண்டி நின்றபோது தூறல் பிடித்திருந்தது. டீ கேனோடு போன ஒருவர், நாலு எட்டு தாண்டிப் போய்விட்டு, நின்று, திரும்பி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, நாலஞ்சு மாசமா ஆளையே காணோம்? தம்பியப் பத்தித் தகவல் ஏதும் உண்டுமா?"

முத்திருளன் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். டீக்காரர் பாண்டிச்செல்வியைப் பார்த்தார். பையனின் அம்மா என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தென்மலை வரைக்கும் எல்லாருட்டயும் சொல்லித்தான் வச்சிருக்கேன்மா" என்றார்.

வண்டி நகர்ந்தது. பாண்டிச்செல்வியின் கையில் அவர் கொடுத்துப் போன டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எத்தன தடவ வந்தீங்க?"

"எண்ணல."

"எப்ப?"

"தல்லாகுளத்துல பென்ஷன் சங்க மீட்டிங்னு சொல்லிட்டுப் போன நாளெல்லாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"வெறுங்கையோட வந்து என்னன்னு சொல்ல?" என்றார் அவர். "முழிக்காதன்னு சொன்னவன் நான்தான செல்வி."

ஆறு வருஷமாக அவர்மேல் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பகவதிபுரம் தாண்டியதும் வண்டி குகைக்குள் நுழைந்தது. பெட்டிக்குள் கும்மிருட்டு. கல்லூரிப் பிள்ளைகள் ஓவென்று கூச்சலிட்டார்கள். அந்தக் கூச்சலுக்குள், அவள் காதுக்கு அருகே, அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "அழகு... ஏய் அழகுபாண்டி..." சக்கரச் சத்தத்தோடு பாறைச்சுவரில் மோதி அது திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் இங்கேதான் கூப்பிட்டிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. இருட்டில் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு அவளும் கூப்பிட்டாள்.

வெளிச்சம் வந்ததும் கூச்சல் சட்டென்று அடங்கியது. வெளியே தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில், தலையில் வாழையிலையைப் பிடித்தபடி, முதுகு காட்டி ஒருவன் மழைக்குள் நடந்துகொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்தினார்கள். அவன் திரும்பப் போவதுபோல் நின்றான். வண்டி வளைந்தது.