பூத்த சுவர்

சுகாதாரத் துறைக்குத் திடீரென்று கலை ஆசை வந்துவிட்டது. ‘தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்’ என்று ஒட்டிய சுவரொட்டிகள் மேலேயே ஜனங்கள் வீடு வாடகைக்கு விளம்பரம் ஒட்டுவதைப் பார்த்து வெறுத்துப்போன இயக்குநர், இனி எழுத்தே வேண்டாம், படம் பேசட்டும் என்று முடிவு கட்டினார். பேருந்து நிலையக் காத்திருப்புக் கூடத்தில் சுவரளவுக்கு ஒரு திரை. அதில் ஓயாமல் தன்னைத்தானே வரைந்துகொண்டிருக்கும் ஒரு படம். அதற்கு நிரல் எழுத ஆள் தேடியபோது அகப்பட்டவள்தான் படக்காரி. தூரிகையைத் தொடாமல் கணினியை வரைய வைத்தே பிழைக்கிறாள் என்று கூட்டாளிகள் வைத்த பெயர் அது.

யோசனை நல்ல யோசனைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தெருக்குழாயிலும் எவ்வளவு குளோரின் வருகிறது என்று பரிசோதனைக்கூடத்தில் தினமும் அளக்கிறார்கள். ஒரு தெருவுக்குத் திரையில் ஒரு நூல். குளோரின் போதிய அளவு இருந்தால் நூல் நேராக ஓடும். குறைந்தால் நெளியும், இரண்டாகப் பிரியும், முடிச்சு விழும். முடிச்சைப் பார்த்ததும் ஜனங்கள் அடுப்பில் தண்ணீரை ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் நிஜ அளவுகளைக் கொடுக்காமல் துறை மாதக்கணக்கில் இழுத்தடித்தது. அவளுக்குக் கை சும்மா இருக்குமா? கணினியையே வாய்க்கு வந்த எண்ணெல்லாம் உருட்டிப் போடச் சொல்லி, அதை வைத்து வேலை பார்த்தாள். எல்லாம் தாறுமாறான எண்கள். அந்தத் தாறுமாறுக்கு ஏற்றபடியே நிறம் சேர்த்தாள், நெளிவைச் சீராக்கினாள், முடிச்சு விழும் இடத்தில் பொன்மஞ்சள் கசியவிட்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இவள் குஞ்சுக்கு நிஜமாகவே பொன் பூசினாள்.

திறப்பு விழாவன்றுதான் நிஜ அளவுகள் வந்தன. அன்று தண்ணீர் சுத்தம். திரையில் வெறும் நீலக் கோடுகள், பள்ளிக்கூட நோட்டைப் பிரித்து வைத்ததுபோல.

“என்னம்மா இது? ஆபீஸ்ல காட்டினப்போ பூவாப் பூத்துச்சே?” என்றார் இயக்குநர்.

“தண்ணி நல்லா இருக்கு சார். அதான் நேரா ஓடுது.”

“நல்லா இருந்தா இப்படியா அழுதுவடியணும்?”

அந்த மனிதர் வாயிலிருந்து உருப்படியாக வந்த ஒரே கேள்வி அதுதான். கேட்டவரும் அதை யோசிக்கவில்லை, இவளும் யோசிக்கவில்லை. நாலு பேர் முன்னால் படம் சப்பென்று போய்விட்டதே என்று இவளுக்கு முகம் செத்துப்போனதுதான் மிச்சம். இருந்தாலும் கேட்டுப் பார்த்தாள்.

“முடிச்சு விழுந்தா தண்ணியக் காய்ச்சிக் குடிங்கன்னு கீழ ஒரு வரி போட்டுடலாமா சார்?”

“ஐயையோ, வேண்டாம்மா. எழுதினா ஜனங்க பயந்துடுவாங்க. பேப்பர்காரங்க வேற கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. நீங்க ஒரு ஆர்ட்டிஸ்ட். படத்துக்குப் போய் யாராவது விளக்கம் எழுதுவாங்களா?”

ஆர்ட்டிஸ்ட் என்ற ஒரு சொல்லில் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வரி போயிற்று.

படக்காரிக்கு ஒரே தங்கை, வீட்டில் ‘பொடிசு’. அதே பேருந்து நிலையத்தில், திரைக்கு நேர் எதிரே, பயணச்சீட்டு கவுன்ட்டரில் வேலை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. அக்காவின் படம் என்று வரிசையில் நிற்பவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்டதற்கும், “பாக்குறவங்களுக்கே தோணணும்டி, சொல்லிக் குடுத்தா அது படமே இல்ல,” என்று சொல்லித் தட்டிக்கழித்தாள் அக்கா. ஊருக்குச் சொல்லாததை வீட்டுக்காவது சொல்லியிருக்கலாம்.

மழைக்காலம் வந்தது. பூமிக்கடியில் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் சம்பந்தி ஆகிவிட்டன. படக்காரி அப்போது வேறொரு நகரத்தில், தன் படத்தைப் பற்றியே பேசுவதற்காக ஒரு மேடைக்குப் பின்னால் காத்திருந்தாள். பொடிசு போன் செய்தாள்.

“அக்கா, உன் சுவரு இன்னைக்குப் பூத்துக் கெடக்குது! ஒரு கோடு நேரா இல்ல. முடிச்சு முடிச்சா, மஞ்ச மஞ்சளா… கண்ணே எடுக்க முடியல.”

“நிஜமாவாடி? கூட்டம் இருக்கா?”

“கூட்டமா! பஸ்ஸ விட்டுட்டு நின்னு போட்டோ எடுக்கறாங்க. இரு, பாட்டில் நிரம்பி வழியுது.”

குழாயை மூடும் சத்தம் கேட்டது. படக்காரி சிரித்துக்கொண்டே மேடை ஏறினாள். அந்த நிரலின் ஒவ்வொரு வரியையும் எழுதியவள், அந்த முடிச்சுக்கு என்ன அர்த்தம் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள், அன்று கைதட்டலுக்கு நடுவே தலைகால் புரியாமல் நின்றாள்.

பரிசோதனைக்கூடத்தில் கத்தாமல் இல்லை. ஒலிபெருக்கி வைத்துத் தெருத் தெருவாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள். “அதான் திரையில காட்டிக்கிட்டே இருக்கோமே,” என்று இயக்குநர் வாயை அடைத்துவிட்டார்.

ஒரு மாதம் போனது. ஊரில் மஞ்சள்காமாலை. கர்ப்பிணிகளை அது சும்மா விடாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். பொடிசு பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தங்கையின் கட்டில் ஓரத்தில் படக்காரி உட்கார்ந்திருந்தாள். பொடிசின் கண்ணில் ஏறியிருந்த நிறத்தை அவளுக்குத் தெரியும். முடிச்சுகளுக்காக ஒரு வாரம் மெனக்கெட்டுத் தேடிய மஞ்சள் அது. பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பேப்பர்ல உங்க இயக்குநர் பேட்டி குடுத்திருக்காரு, படிச்சியா?” பொடிசின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “மக்களைத் திரை மூலமா முன்கூட்டியே எச்சரிச்சோம்கறாரு. முடிச்சு விழுந்தா தண்ணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தமாம். நிஜமாக்கா?”

“ம்.”

“உனக்குத் தெரியுமா?”

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது படக்காரிக்கு. அதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்றும் தோன்றியது.

“முடிச்சு முடிச்சா இருக்குன்னு நான்தானே உனக்குச் சொன்னேன்,” என்றாள் பொடிசு. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். “பேசிக்கிட்டேதான் தண்ணி பிடிச்சேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கீழ ஊத்தியிருப்பேன்.”

பிறகு மெல்லத் தலையைத் திருப்பினாள். கட்டில்கள் போதாமல் தரையில் பாய் விரித்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். கதவுவரைக்கும் மஞ்சள் கண்கள்.

“கூட்டம் இருக்கான்னு கேட்டியே,” என்றாள். “பாத்துக்க.”